பொய் மோதிரமும் ஒரு மாட்டுக்கார ஊரும்

"ஏம்மா, இந்தத் தொப்பிக்காரன் யாரு?" என்று கேட்டார் அத்தை.

விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது தங்கை மகள் மேசைமேல் விட்டுப் போன ஆங்கில நாவலின் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. "கௌபாய், அத்தை. அந்த ஊர் மாட்டுக்காரன்" என்றேன்.

"மாட்டுக்காரனுக்கு இவ்வளவு ஜோடனையா? கதை என்ன?"

"ஒருத்தனும் ஒருத்தியும் நிச்சயம் ஆன மாதிரி ஊருக்கு முன்னாடி நடிக்கிறாங்க. நடிக்க நடிக்க நெஜமாவே மனசு போயிடுது."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நிச்சயத்துல நடிப்பா? பெத்தவங்க எங்க போனாங்க? ஊரு சும்மா விட்டுதா?"

இந்த வகை நாவல்களைப் பல வருடங்களாக விரும்பிப் படிக்கிறேன். இவ்வளவு சரியாக இரண்டே கேள்வியில் யாரும் அதன் நாடியைப் பிடித்து நான் கண்டதில்லை. டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, முதலில் பெற்றவர்கள் விஷயத்தைச் சொன்னேன்.

நம் வீடுகளில் நிச்சயதார்த்தம் என்றால் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அது இரண்டே பேருக்குள் முடிகிற காரியம். அவன் மோதிரத்தை நீட்டிக் கேட்பான், அவள் சரி என்பாள். வீட்டாருக்குப் பெரும்பாலும் பிறகுதான் தெரியும். கல்யாணம் செய்ய அரசாங்க உரிமம் வேண்டும், நிச்சயத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட வேண்டாம். பொய்யாகக் கல்யாணம் செய்தால் பதிவேட்டில் ஏறிவிடும். பொய்யாகக் காதலிக்கிறோம் என்று மட்டும் சொன்னால் ஊர் இரண்டு நாளில் மறந்துவிடும். நிச்சயமோ மறுநாளே கலைத்துவிடக் கூடியது. ஆனாலும் ஊரே வந்து கைகுலுக்கி வாழ்த்திவிட்டுப் போகும். கதாசிரியருக்கு அந்த இடைவெளி போதும்.

"அப்போ பேச்சு மாறினா கேக்க ஆளே கெடையாதா?"

ஒரு காலத்தில் கோர்ட் கேட்டது. கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். டிக்கன்ஸ் 1836, 1837 ஆண்டுகளில் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் இதை வைத்தே பெரிய சிரிப்பை உண்டாக்கினார். பிக்விக் ஒரு வேலைக்காரனை வைத்துக்கொள்வதைப் பற்றித் தன் வீட்டுக்காரம்மாவிடம் சுற்றி வளைத்துப் பேசுகிறார். விதவையான அந்த அம்மாள், தன்னைத்தான் கல்யாணத்துக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலேயே மயங்கிச் சாய்கிறாள். வழக்கு நடந்து 750 பவுண்டு கட்டச் சொல்லித் தீர்ப்பாகிறது. கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாகச் சிறைக்குப் போகிறார் பிக்விக். சொல்லவே சொல்லாத சொல்லுக்கு அந்தத் தண்டனை!

பிறகு சட்டம் மெல்ல விலகிக்கொண்டது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1935இல் இத்தகைய வழக்குகளை ஒழித்தது, வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தில் 1970இல் வந்த ஒரு சட்டம் அவற்றை முடித்து வைத்தது. அதற்குப் பின்பு அங்கெல்லாம் நிச்சயத்தை முறித்ததற்காகக் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. எந்த நஷ்டமும் இல்லாத பொய்யில் கதை ஏது? கோர்ட் எழுந்து போன நாற்காலியில் நாவலாசிரியர்கள் ஊரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சின்ன ஊர் பொய் நிச்சயக் கதைகளில் எனக்கு இருக்கும் பிடிப்புக்கு இதுதான் காரணம்.

ஊர் என்றால் எந்த ஊர்? இங்கேதான் மாட்டுக்காரன் வருகிறான். மொண்டானா, வயோமிங், கனடாவின் ஆல்பர்ட்டா எல்லாம் மழை குறைந்த புல்வெளிகள். நல்ல வறட்சியான இடத்தில் கன்றோடு இருக்கும் ஒரு பசுவுக்கு ஆண்டு முழுவதும் மேய 20, 30 ஏக்கர்கூட வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் பிழைக்க நூற்றுக்கணக்கில் மாடு வேண்டும் என்றால், பக்கத்து வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அத்தையையே கணக்குப் போடச் சொன்னேன். வீடுகள் இப்படிச் சிதறிக் கிடப்பதால் எல்லாரும் கூடுகிற இடம் அந்த ஒரு சிறு டவுன்தான். தீவனக் கடை ஒன்று, சாப்பாட்டுக் கடை ஒன்று, மதுக்கடை ஒன்று. காலையில் ஒரு விரலில் மோதிரம் ஏறினால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கடையிலும் அதே பேச்சு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

இந்தக் கதைகளில் சிரிப்பு வருவதும் அந்த ஊரால்தான். நடிக்கிற இருவரும் பதறிக்கொண்டிருப்பார்கள், ஊர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும். கேட்காமலே ஒருத்தி கேக் செய்து கொண்டுவருவாள். தேதி எப்போது என்று கிழவர்கள் வழிமறித்துக் கேட்பார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் இவர்கள் இன்னொரு பொய் சொல்லியாக வேண்டும். நல்ல எழுத்தாளர் கையில் வாழ்த்துகிறவர்கள் யாரும் முட்டாளாகத் தெரிய மாட்டார்கள். அவர்களுடைய அன்பு நிஜமாக இருப்பதால்தான் பொய் சொல்கிறவர்களுக்கு அது சுமையாகிறது.

மாட்டுக்கார ஊரில் சிரிப்பு என்பது பழைய சொத்து. ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய 'தி வர்ஜீனியன்'தான் இன்றைய கௌபாய் நாயகனுக்கு மூத்தவன். கதை வயோமிங்கில் நடக்கிறது. வெர்மான்ட்டிலிருந்து பாடம் சொல்லித்தர வரும் மோலி என்ற பெண்ணை நாயகன் விரும்புகிறான். அதில் ஒரு விருந்து. சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் குழந்தைகளை ஓர் அறையில் தூங்கவைத்துவிட்டு ஆடப் போகிறார்கள். நாயகனும் அவன் கூட்டாளியும் குழந்தைகளின் துணியையும் போர்வையையும் மாற்றி வைத்துவிடுகிறார்கள். நடுராத்திரியில் பெற்றவர்கள் போர்வையை அடையாளம் வைத்து அள்ளிக்கொண்டு வண்டியேறுகிறார்கள், ஆளுக்கொரு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு!

அத்தை சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

இந்த வகையில் முன்னோடியான ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். பி. எம். பவர் என்ற பெயரைப் பார்த்து வாசகர்கள் பலர் ஆண் என்றே நினைத்தார்கள். பெர்த்தா மஸி பவர் என்பது முழுப்பெயர். மொண்டானாவில் வாழ்ந்தவர், பண்ணை வேலையையும் பனியையும் கண்ணால் கண்டவர். 1906இல் புத்தகமாக வந்த அவருடைய 'சிப் ஆஃப் தி ஃப்ளையிங் யு' நாவலில் பண்ணைக்கு வருகிற பெண் ஒரு டாக்டர், நாயகன் ரகசியமாகப் படம் வரைகிற மாட்டுக்காரன். அவன் வரைந்த ஓவியத்தை அவள் வரைந்ததாக ஊர் நினைத்துக்கொள்கிறது. நூறு வருடத்துக்கு முன்பே ஊரின் ஒரு தப்பெண்ணம் இரண்டு பேரை நெருங்கவைத்திருக்கிறது. துப்பாக்கிக் கதைகளுக்கு நடுவே இவர் பெயர் இன்று அதிகம் கேட்கப்படாதது எனக்கு வருத்தம்.

"சரி, இந்தப் புத்தகத்துல யாரு யாரை ஏமாத்தறாங்க?"

எல்சி சில்வர் எழுதிய 'ஹோப்லெஸ்'. 2023இல் வந்தது. ஆல்பர்ட்டாவில் செஸ்ட்நட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு கற்பனை ஊரைப் படைத்து, ஈட்டன் குடும்பத்துப் பண்ணையைச் சுற்றி அவர் எழுதிய வரிசையில் ஐந்தாவது நாவல். பெய்லி மதுக்கடையில் வேலை பார்க்கிற பெண். அவள் குடும்பத்துக்கு ஊரில் கெட்ட பெயர். அவள் ஒரு தப்பும் செய்ததில்லை, ஆனாலும் குடும்பப் பெயரைக் கேட்டதும் முகங்கள் மாறும். போ ஈட்டன் ராணுவத்தில் இருந்து காயத்தோடு திரும்பியவன். அவனை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது, வீட்டார் ஓயாமல் கவலைப்படுகிறார்கள். என் பெயரைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கிக்கொள் என்பதுபோல அவன்தான் அந்த நிச்சய யோசனையைச் சொல்கிறான்.

பொய்க்குக் காரணம் வலுவாக இருந்தால்தான் வாசகர் கூடவே வருவார். பணக்காரத் தாத்தாவின் உயில், பழைய காதலனுக்குப் பொறாமை மூட்டுவது போன்ற காரணங்கள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். இங்கே காரணம் ஒரு பெண்ணின் மானம். பிறந்த குடும்பத்தை வைத்து ஒருத்தியை எடைபோடும் ஊர், மோதிரத்தைப் பார்த்ததும் வேறு குரலில் பேசத் தொடங்கினால் அவளுக்கு அது இனிக்குமா, கசக்குமா? இரண்டும்தான். அந்த இடங்களில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் வயது இடைவெளி பெரிது. படுக்கையறையையும் ஆசிரியர் திரைபோட்டு மறைப்பதில்லை. பெரியவர்களுக்கான புத்தகம் என்று அறிந்தே எடுக்க வேண்டும்.

மாட்டுக்காரன் பொய் சொல்வதில் இன்னொரு விசேஷமும் இருக்கிறது. அந்தப் புல்வெளிகளில் மாட்டு வியாபாரம் கைகுலுக்கலில் முடிந்த காலம் உண்டு. கௌபாய் என்றால் சொன்ன சொல் தவறாதவன் என்பது அவனைப் பற்றிய கதைகளின் அடிக்கல். அப்படிப்பட்டவன் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் என்ன செய்வான்? அதையும் ஒழுங்காகக் காப்பாற்றப் பார்ப்பான். வருங்காலக் கணவன் செய்ய வேண்டியதை எல்லாம் ஒன்று விடாமல் செய்வான். அவளை வீடுவரை கொண்டுவிடுவான், யாராவது அவளை இளக்காரமாகப் பேசினால் எழுந்து நிற்பான். இதையெல்லாம் செய்துவிட்டு ராத்திரி படுக்கும்போது, இதில் எது நடிப்பு என்று அவனுக்கே தெரியாது.

இந்த நுட்பத்தில் என்னைப் பொறுத்தவரை உச்சம் கௌபாய் நாவல் இல்லை, இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் 1953இல் எழுதிய 'கோடில்லியன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து லண்டன் கதை. கிட்டி என்ற பெண் தன் மனதில் இருப்பவனைச் சீண்டவும் லண்டனைப் பார்க்கவும் ஃபிரெடியிடம் ஒரு மாதத்துக்குப் பொய் நிச்சயம் கேட்கிறாள். அந்தக் காலத்து வழக்கப்படி பெண் நிச்சயத்தை முறிக்கலாம், கண்ணியமான ஆண் முறிக்கக் கூடாது. சரி என்று சொன்ன கணமே ஃபிரெடி முழுச் சாவியையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறான். அழகனும் இல்லை, பெரிய அறிவாளியும் இல்லை. எந்த உடைக்கு எது பொருந்தும், எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அவள் சிக்கலில் மாட்டும்போதெல்லாம் அந்தச் சாதாரணத் திறமைதான் அவளைக் காப்பாற்றுகிறது.

"முடிவு தெரிஞ்சும் எதுக்கும்மா படிக்கணும்?"

ராமர் பட்டாபிஷேகம் தெரிந்துதானே அத்தை நீங்கள் ஒவ்வொரு வருஷமும் கதை கேட்கப் போகிறீர்கள் என்றேன். காதல் நாவல் என்று பெயர் வைத்தால் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது அங்கே எழுத்தாளருக்கும் வாசகருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்த உறுதி இருப்பதால், பொய் உடைகிற அத்தியாயத்தில்கூடப் பயமில்லாமல் அழலாம்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "அந்தக் கொழந்தைங்க? அதுங்க அவங்கவங்க அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துச்சா?"

சேர்ந்தன. விடிந்ததும் தாய்மார்கள் எல்லாரும் மறுபடி அதே விருந்து வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்கள். "அதையும் விவரமாச் சொல்லு" என்று பாலை அடுப்பில் ஏற்றினார் அத்தை.