பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ‘ஹாட் ராட்’ ஆக்கப் போறீங்களா? பின் ஆக்சிலில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றாலே இன்று கார் தொழிற்சாலைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகக் கிழக்கே வந்தால், சாலை முடியும் வண்டலூரில் இவை எல்லாவற்றுக்கும் முன்பே ஒரு கார் தயாரானது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் இங்கே ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ ஆனது.

அந்தக் கார்களில் சில இன்னும் ஷெட்டுகளில் தூசி படிந்து நிற்கின்றன. அதில் ஒன்றை வாங்கி ‘ஹாட் ராட்’ ஆக்க வேண்டும் என்பது சிலரின் கனவு. அமெரிக்காவில் பழைய ஃபோர்டு கார்களை வைத்துத் தொடங்கிய ஸ்டைல் இது. பெரிய இன்ஜின், பின்னால் அகலமான டயர், முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கிய தோற்றம். பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் ஹெரால்டில் அந்தப் பின்பக்கத் தூக்கல்தான் ஆபத்தே.

அப்படி என்ன சிக்கல்?

அம்பாசிடரில் பின் ஆக்சில் ஒரே இரும்புக் குழாய் மாதிரி இருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே அசையும். ஹெரால்டு அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சேசிஸோடு இறுக்கப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் உள்ள ஷாஃப்டுகள் பறவையின் றெக்கை போல மேலும் கீழும் ஆடும். குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங் இரண்டு சக்கரங்களையும் தாங்கும். இதற்குப் பெயர் ‘ஸ்விங் ஆக்சில்’.

வேகமாக வளைவில் திரும்பும்போது டிரைவர் பயந்து திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் அல்லது பிரேக் போட்டால் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். அப்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பகுதி காருக்கு அடியில் மடங்கும். டயரின் பிடி போய் கார் சுழன்றுவிடும், சில நேரம் கவிழவும் செய்யும். ஸ்டைலுக்காகப் பின்பக்கத்தை முன்கூட்டியே தூக்கி வைப்பது, அந்த மடங்கலில் பாதியை நாமே செய்து கொடுப்பது மாதிரி!

வண்டலூரே மாற்றிய ஆக்சில்

இந்த ஸ்விங் ஆக்சிலை நம்ம ஊர் வாடிக்கையாளர்களும் மெக்கானிக்குகளும் அவ்வளவாக நம்பவில்லை. அதனால் ஹெரால்டுக்கு அடுத்து 1970-களில் வந்த ‘ஸ்டாண்டர்ட் கெஸல்’ காரில் இன்ஜின் அதே 948 சிசி, பின்னால் மட்டும் ஒரே துண்டான ‘லைவ் ஆக்சில்’. பிரிட்டனில் வேறு வழி பிடித்தார்கள். 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் ஸ்விங் ஆக்சிலையே வைத்துக்கொண்டு, பட்டைகள் எல்லாவற்றையும் இறுக்காமல், சிலவற்றை ஊசலாட விட்டார்கள். ‘ஸ்விங் ஸ்பிரிங்’ என்ற இந்த மாற்றமே மடங்கலைப் பெருமளவு குறைத்தது.

அப்போ எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்ஜின் பழையதே என்றால் ஸ்விங் ஆக்சிலை விட்டுவைக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்களின் மேல்பகுதி லேசாக உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். வெளியே சாய்ந்திருந்தால் உயரம் அதிகம் என்று அர்த்தம். பழைய பட்டைக்குப் புதிதாக வளைவு ஏற்றி மாட்டியவுடன் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இன்ஜினை மாற்றினால் கணக்கே வேறு. உதாரணத்துக்கு 120 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் இன்ஜின், முதல் கியர் 3.5, ஆக்சில் ரேஷியோ 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் பின் ஆக்சிலுக்குப் போவது 1,680. சின்ன இன்ஜினுக்காகச் செய்த ஷாஃப்ட் இதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. லைவ் ஆக்சில் தேடி புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு டேப் எடுத்துப் போவது நல்லது. இரண்டு ஹப்புக்கும் இடையிலான அகலம், சக்கர போல்ட்டுகளின் இடைவெளி, ரேஷியோ மூன்றும் பொருந்த வேண்டும். அகலம் கூடினால் டயர் மட்கார்டில் உரசும்.

பட்டை ஸ்பிரிங் மேல் மட்டும் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூட்டில் அதன் பதம் போய் ஒருநாள் உடையும்.

முன்பக்கம் இன்னொரு விஷயம். சக்கரத்தைத் தாங்கும் டிரனியனுக்கு கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். காய்ந்து தேய்ந்தால் அதில் திருகியிருக்கும் தண்டு உடைந்து சக்கரமே சாய்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

2021-ல் வந்த விண்டேஜ் விதிகளில் 50 வயது தாண்டிய கார்களுக்கு ‘விஏ’ எழுத்துடன் தனி நம்பர் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஸ்விங் ஆக்சில் இருந்த இடத்தில் லைவ் ஆக்சில் வைக்க சேசிஸில் புதிதாக பிராக்கெட் வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். அதோடு விண்டேஜ் நம்பர் கனவு முடிந்த மாதிரிதான்.

எல்லாம் தெரிந்தும் மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு இதே பகுதியில், இருங்காட்டுக்கோட்டையில், 1990-ல் தொடங்கிய ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே ஓட்ட முடியுமா, என்னென்ன பாதுகாப்பு விதிகள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் காரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.