சம்பத்கிரிப் படிகளில் ஒரு கணக்கு

போளூர் சம்பத்கிரி மலைமேல் எழுந்தருளியிருக்கும் லட்சுமி நரசிம்மரைச் சனிக்கிழமைதோறும் சேவிப்பது, பணி ஓய்வுக்குப் பின் அடியேனின் வழக்கம். சென்ற மாதம் இறங்கி வருகையில், படியோரத்தில் ஒரு குரங்குக்குட்டி பாலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. பழம் தீர்ந்து, அதன் வாசனை மட்டும் பையில் எஞ்சியிருந்தது போலும். அதே போன்ற பையில்தான் என் தேங்காய், பழமும் மலையேறி வந்திருந்தன.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கிற்று. ஆயினும் அந்தப் பை ஒழியவில்லை. கேட்டு வாங்க நாம் இருக்கிறோமே! கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகள் நம் வீட்டு ஆணியில் சும்மாதான் தொங்குகின்றன. அவற்றை எடுக்காமல் கிளம்புவதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

பையினும் பெரிய செலவொன்று என் கணக்கில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்க நானும் இல்லாளும் மட்டும் காரில் செல்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே. அது எரிந்தால் வெளிவரும் கரியமிலவாயுவோ சுமார் 2.3 கிலோ! பெட்ரோலில் உள்ள கரி, காற்றின் பிராணவாயுவோடு சேர்வதால் எடை இவ்வாறு பெருகுகிறது. இப்படி வட்டி தரும் வைப்பு நிதியை என் வங்கிப் பணிக்காலத்தில் கண்டதில்லை.

“இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருடையதோ ஏறக்குறைய 14 டன். அவர்களல்லவா குறைக்க வேண்டும்?” என்றான் மகன். நியாயமான வாதமே. ஆனால் அந்த 2 டன் சராசரி. கார் என்பதே இல்லாத ஜவ்வாதுமலைக் குடியானவரையும் என்னையும் கூட்டி வகுத்தது. அவருடைய எளிமையின் நிழலில் நான் ஒளிந்துகொள்வது கூச்சமாக இருந்தது.

இல்லாளுக்கு முழங்கால் வலி. பேருந்தில் ஏறச் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே தெருவிலுள்ள பெரியவர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, இப்போது ஒரே காரில் நால்வராய்ப் படவேடு செல்கிறோம். பேச்சுத் துணைக்கும் குறைவில்லை.

சென்ற சனிக்கிழமை அடிவாரக் கடையில் துணிப்பையை நீட்டினேன். கடைக்காரர் பழக்க தோஷத்தால் தேங்காயைப் பாலித்தீன் பையிலிட்டு, அதை அப்படியே என் துணிப்பைக்குள் வைத்தார். தேங்காயை எடுத்துக்கொண்டு அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.