சார்பின்மையும் நிபந்தனைச் சார்பின்மையும்

நிகழ்தகவைக் கற்பிக்கும் நாம், இரு நாணயங்களைச் சுண்டிக் காட்டி, ‘ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது, ஆகவே பெருக்கலாம்’ என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். எங்கே பெருக்கலாகாது என்ற வினா வகுப்பில் எழுவது அரிது. அவ்வினாவை எழுப்பாத பெருக்கல் ஒன்று, ஒரு தாயின் கொலை வழக்கில் சான்றாக வைக்கப்பட்டது.

அதற்கு முன் ஒரு பையை எடுத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு கோணல் நாணயங்கள். ஒன்றில் தலை விழும் நிகழ்தகவு 0.9, மற்றதில் 0.1. கண்ணை மூடி ஒன்றை எடுத்து அதையே இருமுறை சுண்டுகிறோம். முதல் முறை தலை விழும் நிகழ்தகவு 0.5, இரண்டாம் முறைக்கும் அதுவே. பெருக்கினால் 0.25. ஆனால் இருமுறையும் தலை விழும் உண்மையான நிகழ்தகவு 0.81, 0.01 ஆகியவற்றின் சராசரியாகிய 0.41. முதல் முறை தலை விழுந்ததென்று அறிந்தபின், இரண்டாவதும் தலையாகும் நிகழ்தகவு 0.82 ஆக உயர்கிறது. முதல் விளைவு நாணயத்தை மாற்றிவிடவில்லை. கையில் இருப்பது எந்த நாணயம் என்பதற்குத் தடயம் தந்தது, அவ்வளவே. எந்த நாணயம் என்று முன்பே தெரிந்திருப்பின் அத்தடயத்தால் புதிதாக ஒன்றும் அறிய இயலாது. அப்போது பெருக்கல் செல்லும். இதுவே நிபந்தனைச் சார்பின்மை. ‘சார்பு’ என்னும் சொல் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை நினைவூட்டுவதால், மாணவர் இதனைக் காரணகாரியத் தொடர்பாகவே கொள்கின்றனர். உண்மையில் இது தகவலைப் பற்றிய சொல்.

இதன் மறுதலையும் உண்டு. இரு நேர்மையான நாணயங்கள் சார்பற்றவை. ‘இரண்டும் ஒரே பக்கம் விழுந்தன’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஒன்றைப் பார்த்தே மற்றதைச் சொல்லிவிடலாம். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்துக்கொள்ள வழியில்லை.

இனி வழக்கு. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் வழக்குரைஞர் தம் இரு கைக்குழந்தைகளையும் கொன்றதாக 1999-ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். புகைப்பழக்கமற்ற, வருவாயுள்ள, தாயின் வயது 26-ஐக் கடந்த குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் அறியாது திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று என மருத்துவ வல்லுநர் ராய் மெடோ சாட்சியம் கூறினார். அவ்வெண்ணைத் தன்னாலேயே பெருக்கி, இரு இறப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார்.

8,543 என்பதே நிபந்தனையோடு கூடிய எண் என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மூன்று பண்புகளையும் அறிந்தபின் இரு இறப்புகளும் சார்பற்றவை என்று கொண்டால்தான் அப்பெருக்கல் செல்லும். ஆனால் மரபணுவும் வீட்டுச் சூழலும் உடன்பிறந்தோர் இருவருக்கும் பொது. அவை அப்பட்டியலில் இல்லை. பையில் எந்த நாணயம் என்று தெரியாமலே பெருக்கிய கதைதான் இது. பிரிட்டனின் அரச புள்ளியியல் கழகம் 2001-இல் இக்கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. (பெருக்கிய எண்ணைக் குற்றமின்மையின் நிகழ்தகவாகக் கொள்வது இன்னொரு பிழை, அதற்குத் தனி உரையே வேண்டும்.)

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003-இல் அவரை விடுவித்தது. வெளியிடப்படாதிருந்த நுண்ணுயிர்ச் சோதனை முடிவுகளே அதற்கு நேர்க்காரணம். ஆயினும் அந்தப் பெருக்கலையும் நீதிபதிகள் குறை கூறாமல் விடவில்லை. அதற்குள் அவர் மூன்றாண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.