ஐந்நூறு டிகிரி கையுறையும் பதினைந்து விநாடியும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து பார்பிக்யூ கடைகளில் பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறி பத்து, பன்னிரண்டு மணி நேரம் புகையிலேயே வேகும். புகையடுப்பின் சூடு 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கறியின் நடுப்பகுதி 95 டிகிரியை நெருங்கும்போது சமையல்காரர் அதை இரு கையாலும் அள்ளியெடுத்துப் பலகையில் வைக்கிறார். விரலால் அழுத்திப் பதம் பார்க்கிறார். அந்தக் கைகளில் பல கடைகளில் காணக்கூடியது இதுதான்: உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேல் மருத்துவமனைகளில் போட்டுக்கொள்வது போன்ற நைட்ரைல் கையுறை. இரண்டுமே மலிவானவை.

இணையக் கடையில் பார்பிக்யூ கையுறை தேடுபவருக்குக் காட்டப்படுவது வேறு ரகம். ‘500 டிகிரி தாங்கும்’, ‘800 டிகிரி தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் அறிவிக்கும் தடித்த பின்னல் கையுறைகள். தொழிலாகச் செய்பவர் கையில் மலிவான ஜோடி, ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கோழி சுடுபவர் கையில் தீயணைப்பு வீரரின் சாதனம்!

அந்த எண்களை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1965-ல் டூபாண்ட் ஆய்வகத்தில் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்த இழைதான் பின்னர் கெவ்லார் ஆனது. குண்டு துளைக்காத உடைக்குப் பெயர் போன அதே கெவ்லார். அதன் பங்காளியான நோமெக்ஸ் தீயணைப்பு உடைகளில் இருக்கிறது. அந்தத் தடித்த கையுறைகள் பலவும் அராமிட் வகையைச் சேர்ந்த இந்த இழைகளால் பின்னப்பட்டவை. இவை உருகுவதே இல்லை. 400 டிகிரி வாக்கில்தான் கருகிச் சிதையத் தொடங்கும். பாலியெஸ்டரோ 260 டிகிரியிலேயே உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இழை தாங்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருக்கும் கை?

மனிதத் தோல் இந்த விஷயத்தில் மிகவும் பலவீனமானது. சூடு வலியாக மாறும் எல்லை சுமார் 43 டிகிரி. அந்த வெப்பத்தில் விழித்துக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியை 1997-ல் அடையாளம் காட்டியது டேவிட் ஜூலியஸின் குழு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் உடலில் எதைத் தூண்டுகிறது என்று தேடிப்போனபோது அகப்பட்டது அது. 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலிக்கு அடுத்தது காயம். 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீடுகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. 44 டிகிரியில் தோல் வெந்துபோக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும். 70 டிகிரியில் ஒரே விநாடி.

வெப்பநிலையை மட்டும் சொல்லி நேரத்தைச் சொல்லாத விளம்பரம் பாதித் தகவலைத்தான் தருகிறது. மீதிப் பாதி ‘இஎன் 407’ என்ற ஐரோப்பியத் தரநிலையில் இருக்கிறது. அதன் தொடுவெப்பச் சோதனையில் கையுறைத் துணியைச் சூடான உலோகத்தோடு தொடவைத்து, உட்புறம் 10 டிகிரி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறார்கள். உலோகம் 100 டிகிரியில் இருந்தால் முதல் நிலை, 250 என்றால் இரண்டு, 350 என்றால் மூன்று, 500 என்றால் நான்கு. எந்த நிலையானாலும் தேறுவதற்குத் தேவை 15 விநாடி. சான்றிதழோடு வரும் ‘500 டிகிரி’க்கு அர்த்தம் அவ்வளவுதான். அது இடைவேளையே இல்லாமல் கறி புரட்டுவதற்கான அனுமதி அல்ல. இந்தத் தரநிலையில் தேறிய கையுறையின் சின்னத்துக்குக் கீழே ஆறு இலக்கங்கள் இருக்கும், இரண்டாவதுதான் தொடுவெப்பம். எக்ஸ் என்று இருந்தால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்று பொருள். 2020-ல் திருத்தப்பட்ட பிறகு வீட்டு அடுப்புக் கையுறைகளும் இதற்குள் வந்துவிட்டன.

பின்னல் கையுறையில் கையைக் காப்பாற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இழைகூட இல்லை, இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அதனால்தான் இரும்புச் சட்டியை இறுக்கிப் பிடித்தால் சூடு சீக்கிரம் ஏறுகிறது; பிடி இறுகும்போது காற்று வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டாலோ கதை கந்தல். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். ஈரப் பிடிதுணியால் சட்டியைத் தூக்கிச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 250 டிகிரி கம்பி வலையைத் தொட்டால் ஈரம் துணிக்குள்ளேயே ஆவியாகும். அந்த ஆவி தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது தன்னிடமிருக்கும் உள்ளுறை வெப்பம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும்.

டெக்சஸ்காரர்களின் இரட்டைக் கையுறைக்கு இப்போது நியாயம் புரியும். நைட்ரைல் மெல்லியது, சூட்டைத் தடுக்காது. ஆனால் கொழுப்பையும் சாற்றையும் உள்ளே விடாது. பருத்திக்குக் கொழுப்பைத் தடுக்கத் தெரியாது. உலர்ந்திருக்கும் வரை காற்றை வைத்துக்கொள்ளும். கறியின் சூடு 95 டிகிரி, தொடும் நேரம் சில விநாடி. அதற்கு இந்தக் கூட்டணி தாராளம். விரலுக்குக் கறியின் பதமும் தெரிகிறது. ஐந்நூறு டிகிரிக் கையுறையைப் போட்டுக்கொண்டு கொழுப்பு வடியும் கறியைத் தூக்கினால் பின்னல் வழியே சூடான கொழுப்பு நேராகத் தோலுக்கு வரும். இந்த வேலைக்கு அந்தக் கையுறையை வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அந்தக் கையுறைக்கு உரிய இடம் உலர்ந்த வேலை: கம்பி வலையை நகர்த்துவது, வார்ப்பிரும்புச் சட்டியை இறக்குவது. கரிக்கங்கோ 600, 700 டிகிரியைத் தொடும். அதை இடுக்கியால் எடுப்பதே முறை. அங்கே முழங்கை வரை நீளும் வெல்டிங் தோல் கையுறை பொருத்தம், நனையாத வரை. ஈரத்தோடு சூடானால் அந்தக் கையுறையின் தோல் சுருங்கி விறைத்துப்போகும். சிலிக்கோன் கையுறை நீருக்கும் நீராவிக்கும் அசையாது, சுமார் 230 டிகிரி வரை தாங்கும். உள்ளே துணி அடுக்கு இல்லாத மெல்லிய ரகத்தை மட்டும் நம்பக்கூடாது.

சூட்டைவிடச் சத்தமில்லாத ஆபத்து, பச்சைக் கோழியைத் தொட்ட கையுறையால் வெந்த கோழியைத் தொடுவது. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகளுக்கு அது இலவசப் பயணம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பு, பிறகு சமைக்கப்படாத உணவைத் துணிக் கையுறையால் நேரடியாகத் தொடக்கூடாது என்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கையுறையை ஒரே வேலைக்குப் பயன்படுத்தி எறியச் சொல்கிறது. நைட்ரைல் கையுறையை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

வாங்கும்போது கையுறையின் அளவைச் சற்றுத் தொளதொளப்பாகவே எடுக்கலாம். சட்டியைக் கீழே வைத்த பிறகும் வெளிப்பக்கத்தில் தேங்கிய சூடு உள்நோக்கி வந்துகொண்டே இருக்கும். சுட ஆரம்பித்தால் உதறியதும் கழன்றுவிட வேண்டும். கெவ்லார் கையுறையைத் துவைக்கக் குளோரின் ப்ளீச் ஆகாது, வெயிலில் காயப்போடுவதும் ஆகாது. இரண்டும் இழையின் பலத்தைக் குறைக்கும். நிழலில் உலர்த்தி, விரல் நுனிவரை ஈரம் போய்விட்டதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகே மறுபடி அடுப்பருகே கொண்டுபோக வேண்டும்.