அத்தை எண்ணிய குண்டுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டும் கையுமாக எங்கள் அத்தை டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு துப்பறியும் படம். கதாநாயகன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ரிவால்வரால் சுட்டுக்கொண்டே இருந்தான். அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டா, பதினாலு தடவை சுட்டுட்டான். அதிலே எத்தனை குண்டு போடலாம்?"

"சாதாரணமாக ஆறுதான், அத்தை."

"அப்போ பாக்கி எட்டு எங்கேயிருந்து வந்தது? அது என்ன துப்பாக்கியா, அட்சய பாத்திரமா? நம்ம வீட்டு அரிசி டின் இப்படி இருக்கக் கூடாதோ!"

வீடு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது சிரிப்பு மறைந்துவிட்டது. திரையில் துப்பாக்கி நிஜம் போலத் தெரியவேண்டும் என்ற ஆசையால் உயிர்களே போயிருக்கின்றன.

பறக்கும் வில்லன்கள்

முதலில் வேடிக்கைகளைப் பார்த்துவிடுவோம். அத்தை கண்டுபிடித்த பிழை ஒன்று. அதற்குத் தம்பி தங்கைகள் பல உண்டு.

குண்டு பட்டவன் ஆறடி தூரம் பின்னால் பறந்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆளையே தூக்கி எறியும் வேகம் குண்டில் இருக்குமானால், சுட்டவனும் அதே வேகத்தில் பின்பக்கம் விழவேண்டும்! பள்ளிக்கூடத்தில் நியூட்டனின் மூன்றாவது விதியைப் படிக்கும் குழந்தைகூட இதைச் சொல்லிவிடும்.

இன்னொன்று, துப்பாக்கி முனையில் ஒரு குழாயை மாட்டி, அடுத்த அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்காதபடி 'புஸ்' என்று சுடுவது. நிஜத்தில் அந்தக் குழாய் சத்தத்தைக் குறைக்குமே தவிர, விழுங்கிவிடாது. சுமார் 160 டெசிபல் ஓசை 130 ஆகக் குறையலாம். அதுவே வீடு முழுவதையும் எழுப்பப் போதும்.

விசைமேல் விரலை வைத்துக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் ஓடும் போலீஸ்காரர்களையும் படங்களில் காண்கிறோம். ஆயுதம் பழகியவர்கள், சுடுவது என்று தீர்மானிக்கும் வரையில் விசைமேல் விரல் வைப்பதே இல்லை.

சுவரைப் பெயர்த்த குண்டு

இப்படியெல்லாம் பொய்யாக இல்லாமல், நிஜமாகவே காட்டினால் என்ன என்று டைரக்டர்களுக்குத் தோன்றுவது இயற்கை. ஒரு காலத்தில் இதற்காக நிஜக் குண்டையே உபயோகித்தார்கள்.

1931-ல் வெளிவந்த 'தி பப்ளிக் எனிமி' என்ற அமெரிக்கப் படத்தில், கள்ளச் சாராயக் கோஷ்டியைச் சேர்ந்த ரௌடியாக ஜேம்ஸ் காக்னி நடித்தார். ஒரு கட்டிடத்தின் மூலையில் திரும்பி அவர் மறைந்த மறுகணமே, அந்தச் சுவரை மெஷின்கன் குண்டுகள் பெயர்த்தெடுக்கும். அவை நிஜக் குண்டுகள்! குறி பார்த்துச் சுடுவதில் தேர்ந்த ஒருவரைக் கொண்டு சுடச் செய்தார்கள். காக்னி ஒரு கணம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போதே உடம்பு நடுங்குகிறது.

இந்த அபாயத்துக்கு மாற்றாக உள்ளது வெற்றுத் தோட்டா. நிஜத் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, அடியில் தீபாவளிக் கேப் மாதிரி ஒரு சிறு மருந்துப் பொட்டு, நடுவில் வெடிமருந்து, நுனியில் குண்டு. விசையை இழுத்தால் பொட்டு வெடித்து, வெடிமருந்து பற்றிக்கொள்ள, குண்டு பறக்கிறது. வெற்றுத் தோட்டாவில் மற்ற மூன்றும் உண்டு, குண்டு மட்டும் இராது. தீயும் புகையும் சத்தமும் வரும்.

ஆனால் 'வெற்று' என்ற பெயரை நம்பி மோசம் போனவரும் உண்டு. 1984 அக்டோபரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு தாமதமாகிக்கொண்டிருந்தது. அதில் நடித்த ஜான்-எரிக் ஹெக்சம் என்ற இளைஞர், விளையாட்டாகத் துப்பாக்கியைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்துவிட்டார். உள்ளே இருந்தது வெற்றுத் தோட்டாதான். அதன் வேகமே மண்டை ஓட்டை உடைக்கப் போதுமானதாக இருந்தது. ஆறு நாட்களில் அவர் இறந்துபோனார். வயது 26.

பயிற்சியால் வந்த நிஜம்

துப்பாக்கியை நிஜம் போலக் காட்டிய படம் எது என்று ஸினிமா ரஸிகர்களைக் கேட்டால், பெரும்பாலோர் 1995-ல் மைக்கேல் மான் டைரக்ட் செய்த 'ஹீட்' என்றுதான் சொல்வார்கள். பாங்கைக் கொள்ளையடித்துவிட்டு வெளியே வரும் கோஷ்டிக்கும் போலீஸாருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வீதியிலே நடக்கும் சண்டை அதில் பிரசித்தம்.

அங்கே பறந்தது ஒரு குண்டுகூட இல்லை. எல்லாம் வெற்றுத் தோட்டாக்கள்தான். பின் அந்த நிஜம் எப்படி வந்தது? பிரிட்டிஷ் ராணுவத்தின் எஸ்.ஏ.எஸ். படையில் முன்பு இருந்த ஆண்டி மெக்நாப், நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவன் தோட்டா மாற்றும்போது மற்றவன் சுட்டு அவனைக் காப்பது, காலை எங்கே ஊன்றுவது, எப்போது நகருவது என்பதையெல்லாம் சமையல் கற்பது போல் கைக்குப் பழகும் வரையில் கற்றார்கள். வால் கில்மர் தோட்டா மாற்றுகிற லாகவத்தை இன்றும் ரஸிகர்கள் பேசுகிறார்கள்.

சத்தத்திலும் ஒரு விசேஷம். வழக்கமாகத் துப்பாக்கி ஓசையைப் பிற்பாடு ஸ்டூடியோவில் சேர்ப்பார்கள். மான், வீதியில் வைத்த மைக்குகளில் பதிவான ஓசையையே உபயோகித்தார். உயரமான கட்டிடங்களில் மோதி இடி போலத் திரும்பும் அந்த எதிரொலிதான், பார்க்கிறவர்களை நாற்காலியில் ஒடுங்க வைக்கிறது.

ஒரு சிறு அஜாக்கிரதை

'ஹீட்' வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1993 மார்ச் 31 அன்று, வட கரோலினாவிலுள்ள வில்மிங்டனில் 'தி க்ரோ' என்ற படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் பிராண்டன் லீ, புகழ் பெற்ற புரூஸ் லீயின் மகன். வயது 28. மறு மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

முன்னொரு காட்சிக்காக ரிவால்வரைக் கிட்டத்தில் வைத்துப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. அறைகளில் குண்டு தெரிந்தால்தானே நிஜமாக இருக்கும்? அதற்காக நிஜத் தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தைக் கொட்டிவிட்டு, மீண்டும் குண்டைப் பொருத்தினார்கள். ஆனால் அடியிலிருந்த மருந்துப் பொட்டு அப்படியே இருந்துவிட்டது. விசையை இழுத்தபோது அந்தப் பொட்டு வெடித்து, குண்டை மெள்ளத் தள்ளிக் குழாயின் நடுவில் சிக்க வைத்தது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டு லீயை நோக்கிச் சுட்டார்கள். குழாயில் காத்திருந்த குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் பல மணி நேரம் போராடியும் பயனில்லை.

இனி இப்படி நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒத்திகை. துப்பாக்கியில் ஆபத்தான தோட்டா ஏதும் இல்லை என்று அறிவித்துத்தான் கொடுத்தார்கள். நடிகர் ஆலெக் பால்ட்வின் கையிலிருந்த அந்த ரிவால்வரிலிருந்து நிஜக் குண்டு பாய்ந்தது. காமிராப் பெண்மணி ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். டைரக்டர் காயமடைந்தார். உக்ரேனில் பிறந்து, இந்தத் தொழிலில் பேர் வாங்கி வந்த ஹட்சின்ஸுக்கு வயது 42. ஒரு சிறு பையனின் தாய். ஆயுதங்களைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்தவருக்கு 2024-ல் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பால்ட்வின் மீதிருந்த வழக்கு அதே வருஷம் ஜூலையில் தள்ளுபடியாயிற்று.

'ரஸ்ட்' விபத்துக்கு மறுநாளே, 'தி ரூக்கி' என்ற போலீஸ் தொடரில் நிஜத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டார்கள். அடுத்த மாதம் நடிகர் ட்வேன் ஜான்ஸன், தம் கம்பெனிப் படங்களில் இனி ரப்பர் துப்பாக்கிதான் என்று அறிவித்தார். தீயையும் புகையையும் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாம்.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க காலத்து நாடகத்திலே அட்டைக் கத்திதான். அதுக்கே கொட்டகை பூரா அழும்" என்றாள்.

ஏழு குண்டுகள்

அத்தை சொன்னதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1949-ல் அகிரா குரோசாவா எடுத்த 'நோரா இனு', அதாவது 'தெரு நாய்'.

டோக்கியோவில் கொளுத்தும் வெயில். கூட்டம் நெரியும் பஸ்ஸில் ஓர் இளம் துப்பறிவாளனின் கைத்துப்பாக்கியை யாரோ திருடிவிடுகிறார்கள். அதில் ஏழு குண்டுகள். பிறகு ஊரில் ஒரு கொள்ளை. ஒரு பெண் காயமடைகிறாள். இன்னொரு வீட்டில் கொலை. பாய்ந்தவை தன் துப்பாக்கிக் குண்டுகளே என்று தெரியத் தெரிய அவன் துடிக்கிறான். தோஷிரோ மிபுனே அந்தத் துடிப்பை அற்புதமாக நடித்திருக்கிறார்.

படத்தில் துப்பாக்கி சுடும் காட்சிகள் சொற்பம். கடைசியில் திருடனும் துப்பறிவாளனும் ஒரு தோப்பில் எதிரெதிரே நிற்கும்போது, பக்கத்து வீட்டில் ஒரு பெண் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். வெடிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். பிறகு மறுபடியும் வாசிக்கப் போய்விடுகிறாள். அந்த ஒரு குண்டு, நூறு குண்டுக்குச் சமானமாக நெஞ்சில் தைக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அடியில் வரும் இங்கிலீஷ் எழுத்துக்களை நான் வாசித்து அர்த்தம் சொன்னேன். ஆரம்பத்தில் வழக்கம் போல விரலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் கை மடியில் விழுந்துவிட்டது. வெற்றிலையைக்கூட மறந்துவிட்டாள்.

"என்ன அத்தை, இன்றைக்கு எண்ணவில்லையா?" என்று கேட்டேன்.

"பாவம், அந்தப் பையனே எண்ணிக்கிட்டிருக்கானே! நான் வேறே எதுக்கு?" என்றாள்.