ஸ்டேஷன் ரைட்டர் என்ன எழுதுறார்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூணும் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி போலீஸ் கமிஷனரேட்டுக்குக் கீழ வருது. இங்க எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் நீங்க அதிக நேரம் பேசப்போறது 'ரைட்டர்'கிட்டதான். அவரும் போலீஸ்காரர்தான், பெரும்பாலும் ஏட்டு. புகார், பொது நாட்குறிப்பு, கோர்ட்டுக்குப் போற கட்டு எல்லாம் அவர் கையில. அதையே சி.சி.டி.என்.எஸ். மென்பொருள்லயும் ஏத்தணும்.

புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தருவாங்க. அதுதான் எஃப்.ஐ.ஆர்.னு நம்பிப் பலர் வீட்டுக்கு வந்துடுறாங்க. அது வெறும் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பணிப் பதிவேட்டு ரசீது. நம்ம ஆபீஸ் பாஷையில, டிக்கெட் ஓப்பன் ஆச்சு, அவ்வளவுதான். பைக் திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டா எஃப்.ஐ.ஆர். எங்கன்னுதான் கேப்பாங்க. எஃப்.ஐ.ஆர்.ல வழக்கு எண், சட்டப்பிரிவு இருக்கும். மாஜிஸ்திரேட்டுக்கும் நகல் போயிடும். அப்புறம் சத்தமில்லாம மாத்த முடியாது. போடத் தயங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன்.

பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். கட்டாயம்னு 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். 173-ம் பிரிவு, சில குற்றங்களுக்கு மட்டும் மேலதிகாரி அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்குது. எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, ரைட்டர் எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. நேரம், இடம், வண்டி நம்பர் சரியான்னு பாருங்க. நாளைக்குக் கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் குடையப்போறது அந்த வரிகளை வெச்சுத்தான்.