கடல் கடந்த ஒரு சொல்

ஆங்கில வகுப்பில் ஒருநாள் 'செரூட்' என்னுஞ் சொல் வந்தது. பொருள் அறியாது அகராதியைப் புரட்டினோம், புரட்டியபின் நாணினோம். அது நம் 'சுருட்டு' என்னுஞ் சொல்லே! நம் வீட்டுப் பிள்ளை வேற்றுடை அணிந்து வந்து நிற்க, நாம் அவனை யாரென வினவியதை ஒத்தது அச்செயல்.

இச்சொல்லின் பிறப்பை முதற்கண் நோக்குவோம். 'சுருள்' என்பது தன்வினை. 'சுருட்டு' என்பது பிறவினை. திருவரங்கத் தீவின் வாழைத் தோட்டங்களிற் குருத்திலை தானே சுருண்டு நிற்கும். காவிரிக்கு இப்பால் உறையூரிலோ, தொழிலாளர் புகையிலையைக் கையாற் சுருட்டினர். அத்தொழிலின் பெயர் அதனால் ஆகிய பொருளைக் குறித்தமையின், இது தொழிலாகுபெயராம்.

புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்காவிற்கு உரிய அதனை இங்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயர். அவர்கள் இலையைத் தந்தனர். நாம் பெயரைத் தந்தோம். 1669 முதல் 1679 வரை வங்கக் கடல் சூழ்ந்த நாடுகளைக் குறித்தெழுதிய ஆங்கிலேயர் தாமஸ் பௌரி, ஏழை மக்கள் இலையைச் சுருட்டி ஒருமுனையிற் கொளுத்திப் புகைத்தலைக் கூறி, அதனைப் போர்த்துக்கேயர் 'செரூட்டா' என்பர் என்கிறார். பின்னர் ஆங்கிலத்தில் அது 'செரூட்' என நிலைத்தது. ஆங்கே அதன் பொருள், இருமுனையும் வெட்டப்பட்ட சுருட்டு என்னும் அளவிற் சுருங்கிற்று. வினைப்பொருளும் மறைந்தது, பாயைச் சுருட்டும் நமக்கு விளங்கும் உறவு ஆங்கிலேயர் செவிக்கு எட்டாது.

மற்றொரு வியப்பும் உண்டு. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில், நம் ஊர்ப்பெயரின் குறுக்கமாகிய 'ட்ரிச்சி' என்பதே சுருட்டின் பெயராகக் காணப்படுகிறது. இஃது இடவாகுபெயர். அடுத்த ஆண்டு வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு எனச் சாம்பலைக்கொண்டே துப்பறிவாளர் துணிகிறார்.

புகைத்தலைப் போற்ற யாம் இதனை எழுதினோமல்லோம். புகையிலை நுரையீரலையும் இருதயத்தையும் கெடுத்து உயிரைப் போக்குவது என்பது ஐயமின்றித் தெளிந்த உண்மை. யாம் போற்றுவது சொல்லையே. அகராதியில் இலையை விற்ற ஊரின் பெயர் உண்டு. அதனைச் சுருட்டியவருள் ஒருவர் பெயரும் இல்லை. ஆயினும் அவர்தம் கைத்தொழிலின் பெயரையே, அறியாமலேனும், ஆங்கிலேயர் தம் நாவால் மொழிந்து வருகின்றனர். தமிழ் பயிலும் நாமேனும் அதனை அறிந்து மொழிவோமாக.